கேட்டில் கட்டிய துண்டு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். நாயை வெளியே விட்டேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட்டு வெஜிமைட் தடவித் தின்றேன். போனில் காட்டுத்தீ அபாய வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். வட்டாரம் முழுக்கக் கருஞ்சிவப்பு. வெப்பம் நாற்பத்து நான்கு என்றது. காற்று வடக்கிலிருந்து, மதியத்துக்குள் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில். வராந்தாவில் நின்று மோந்து பார்த்தேன். தைலமர வாசனை மட்டும்தான். ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத் தகரக் கால்வாயில் விழுந்திருந்த இலைகளை அள்ளிப் போட்டேன். பம்பைக் கயிறு இழுத்துக் கிளப்பி, மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஆட்டுத் தொட்டியை நிரப்பினேன். உள்ளே வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை, இங்கே கோடை முழுக்க, தினமும் இதுதான். இந்த வேலைகளில் பாதி என் மனைவி பிரையனியுடையவை. போன ஜூன் மாதத்திலிருந்து எல்லாம் என்னுடையவை.

ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் தீத் திட்டம் ஒட்டியிருக்கிறது. ஒரே பக்கம், அவள் கையெழுத்து. இந்த மாதிரி நாளுக்கு அதில் இருப்பது ஒரே வரி. ஒன்பது மணிக்குள் டவுனுக்குப் போய்விட வேண்டும். போவதில்லை என்று நான் முந்தின நாளே முடிவு செய்திருந்தேன்.

எங்கள் மண்சாலையில் பதினோரு வீடுகள். ஒன்பது கிலோமீட்டர் நீளம், போகவும் வரவும் ஒரே வழி. தீ நாளில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள், பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்றைக் கேட்டில் கட்டிவிட்டுப் போக வேண்டும். துண்டு இருந்தால் உள்ளே ஆளில்லை. தீயணைப்பு வண்டி அந்தக் கேட்டைத் தாண்டிப் போய்விடும். துண்டு இல்லாவிட்டால் வண்டி உள்ளே வந்து ஆளைத் தேடும். நாங்கள் இங்கே வருவதற்கு முன்பு ஒருமுறை, காலி வீட்டில் ஆள் தேடப் போன வண்டி தீக்குள் மாட்டிக்கொண்டது. வண்டியில் இருந்த ஐந்து பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து பிழைத்தார்கள். வீட்டுக்காரர் அந்த நேரம் டவுனில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகுதான் துண்டு வந்தது.

எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு உண்டு. எங்களுடையதில் கொண்டைக் கிளி படம். டாஸ்மேனியாவிலிருந்து பிரையனியின் அத்தை அனுப்பியது. அதைக்கொண்டு ஒரு தட்டைக்கூடத் துடைத்ததில்லை.

கணக்கெடுப்பது நரேல். ஐம்பத்து மூன்று வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், எங்களுக்கு அடுத்த வீடு. அடுத்த வீடு என்றால் ஒன்றரை கிலோமீட்டர். தீ நாளில் டவுன் நீச்சல் குளத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் அட்டை, அட்டையில் சாலையிலுள்ள எல்லோர் பெயரும். வருகிறவர்களுக்கு ஒரு டிக். துண்டு கட்டாமல் வந்தவர்களை அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

துண்டு கட்ட மறந்தவர்கள் உண்டு. கட்டிவிட்டு உள்ளேயே இருக்கலாம் என்று எங்கள் சாலையில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது.

நாங்கள் இருவரும் இருபத்தாறு வயதில் இங்கே வந்தோம். நான் நீர்வளத் துறையில் ஆற்று நீரோட்டம் அளக்கிறவன். அவள் டவுனில் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். நாற்பது ஏக்கர், ஒரு மர வீடு, எட்டு ஆடுகள். தீயைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி.

முதல் கோடையின் முதல் தீ நாளில், சுவரை நனைத்து வைத்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிரையனி காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். சுவர், வராந்தா, ஜன்னல், புல்தரை, ரோஜாச் செடிகள், கோழிக் கூண்டு, கோழிகள். நான் ஹோஸை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். மதியம் ஒரு மணிக்கு ஹோஸிலிருந்து காற்று வந்தது. இருபத்திரண்டாயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டி, தரை தட்டிவிட்டது. நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் குளிப்பதும் அதே தண்ணீர்தான். அன்று எங்களைச் சுற்றி அறுபது கிலோமீட்டருக்கு எங்கும் நெருப்பு இல்லை.

பிரையனி காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். டொய்ங் என்றது.

"வீட்டைக் காப்பாத்திட்டோம்," என்றாள். "இனி நாமதான் சாகணும்."

ஆறு நாள் மழை இல்லை. சோடாவில் பல் தேய்த்தோம். நரேல் பள்ளிக்கூட பஸ்ஸில் பால் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாள். அவளை நாங்கள் முதலில் சந்தித்தது அப்படித்தான். கேனை இறக்கிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் புல்தரையைச் சுற்றி வந்தாள்.

"இந்த ரோட்டுலயே பச்சைப்பசேல்னு இருக்கிற ஒரே வீடு உங்களோடதுதான். நாத்தம் அடிக்கிற ஒரே வீடும் உங்களோடதுதான்."

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே கிளம்பக் கற்றுக்கொண்டோம். இறங்கு குழாய்களில் டென்னிஸ் பந்தை அடைத்து, கூரைக் கால்வாயில் தண்ணீரை நிரப்பி, கேஸை மூடி, ஆடுகளை மொட்டையாக மேய்ந்த வயலுக்கு ஓட்டிவிட்டு, நாயை ஏற்றி, துண்டைக் கட்டிவிட்டுப் போய்விடுவோம். ஏழு கோடைகளில் பதினேழு முறை. பதினேழு முறையும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பதினேழு நாட்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தீ நாளில் டவுனில் ஒரு வேலையும் நடக்காது. என் ஆபீஸ் மூடியிருக்கும். அவள் மருத்துவமனையும் பாதி மூடியிருக்கும். குளத்தைக் காலை எட்டு மணிக்கே திறந்து எல்லோரையும் சும்மா உள்ளே விடுவார்கள். வட்டாரமே அங்கே இருக்கும். எரிந்து போகக்கூடாது என்று ஒவ்வொருவரும் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் தையல் மெஷின் கொண்டுவருவார். ஒருவர் கூண்டோடு லவ் பேர்ட்ஸ். பேக்கரி கோஸ்டா தன் அப்பாவின் சாம்பல் வைத்திருந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வெயில் படாமல் தொப்பியைக் கவிழ்த்து. மற்றவர்கள் எல்லாம் போட்டோ ஆல்பங்கள். மதியத்துக்குள் சலித்துப்போய் எல்லா ஆல்பங்களும் கை மாறும். வட்டாரத்தில் எல்லோருடைய கல்யாணப் போட்டோவையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நரேலின் கல்யாணத்தில் அவள் தலைமுடி எவ்வளவு உயரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் கழுத்துப் பட்டை கோணலாக இருந்ததை முடிவெட்டுகிறவர்கூட எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பிரையனி ஆல்பம் எடுத்து வந்ததில்லை. ஒரு சின்னப் பெட்டியில் வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், நாயின் தடுப்பூசி அட்டை, ஒரு சீட்டுக்கட்டு. முதல் மூன்றும் என் கட்டாயத்தில். சீட்டில் ஏமாற்றுவாள். மாட்டிக்கொண்டால் வெட்கமே படமாட்டாள். கோஸ்டாவிடம் ஏமாற்றும்போது மட்டும், ஜாடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

சீட்டு முடிந்ததும் தண்ணீரில் இறங்குவாள். வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்துடன் நான் கரையில் இருப்பேன். வானம் பழுப்பாக இருக்கும், சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம். மல்லாந்து மிதந்துகொண்டு அதைப் பார்த்தபடி பேசுவாள்.

"வீடு இருக்குமாடா?"

"இருக்கும்."

"இல்லன்னா?"

"இன்னொன்னு கட்டலாம்."

"அப்ப இந்த வாட்டி குளியலறை பெருசா. ஜன்னல் வச்சு."

"சரி."

"நீ சரின்னு சொல்றப்பவே தெரியுது, வீடு நிக்கும்னு நம்பிட்டிருக்க. கஞ்சப்பய."

சாயங்காலம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும். இருபது நிமிடத்தில் பதினைந்து டிகிரி இறங்கும். எல்லோரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். கோஸ்டா ஜாடிக்கும் ஒரு துண்டு போர்த்துவார். நரேல் அட்டையைப் பார்த்து, போகலாம் என்பாள். கார் எங்கள் வளைவில் திரும்பும்போது பிரையனி கண்ணை மூடிக்கொள்வாள். திறந்து பார்த்தால் வீடு அங்கேயே இருக்கும், கூரைக் கால்வாயில் தண்ணீர் ததும்பிக்கொண்டு.

"இன்னும் இருக்கியா நீ," என்று அதனிடம் சொல்வாள்.

அதை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. எனக்கும் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நாற்பதுக்கு மேல் என்று முன்னறிவிப்பு வந்தால் வட்டாரத்தில் எல்லோரும் பெட்டியை எடுத்துக் கதவருகில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் படுக்கையில் போனைப் பார்த்துவிட்டு, அவள் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நாப்பத்திரெண்டாம்," என்பாள். லீவு விட்ட சேதி சொல்கிற மாதிரி.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. முப்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அது நடந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். இரண்டு முறை சொன்னார். நான் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து ஊர்க் கூடத்தில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். பிரையனியின் அம்மா கிளெனிஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"கடைசியா என்னப்பா சொன்னா?"

உண்மையைச் சொல்ல முடியவில்லை. வாய் தானாகவே சொன்னது. "வீட்டைப் பாத்துக்கோன்னு சொன்னா."

கிளெனிஸ் அழுதாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். டீ ஆறுவதற்குள் வட்டாரம் முழுவதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். வேலி சரிசெய்ய ஒருவர், புல் வெட்டும் எந்திரத்துடன் ஒருவர். அவள் கேட்டுக்கொண்டதாயிற்றே என்றார்கள். இருபது பேர் சொன்ன பிறகு எனக்கே அது அவள் குரலில் கேட்க ஆரம்பித்தது.

வசந்தத்தில் புல்லை இரண்டு முறை வெட்டினேன். பம்பின் பிளாஸ்டிக் இணைப்புகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை மாட்டினேன். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்தேன். படுக்கையறைப் பக்கத்துத் தைலமரத்தை அவள் வெட்ட விட்டதே இல்லை. வெட்டினேன். அவ்வளவு தயாரான வீடு எங்கள் சாலையில் வேறு எதுவும் இல்லை. ஒரு ஆள் போதாது, இரண்டு பேராவது வேண்டும் என்று எல்லாப் பிரசுரங்களிலும் போட்டிருக்கிறது. படித்திருக்கிறேன்.

அன்று காலை எட்டரைக்குக் கேட்டுக்குப் போய்த் துண்டைக் கட்டினேன். திரும்பி வந்து, சாலையிலிருந்து தெரியாதபடி காரைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினேன். டென்னிஸ் பந்துகளை அடைத்தேன். கால்வாயை நிரப்பினேன். எளிதில் தீப்பற்றாத கம்பளிச் சட்டையும் தோல் பூட்ஸும் போட்டுக்கொண்டேன். வராந்தாவில் உட்கார்ந்தேன். எங்கள் நாய் ஸ்பட் என் காலடியில் படுத்துக்கொண்டது. கிளம்புகிற நாளில் கிளம்பவில்லையே என்று அவ்வப்போது எழுந்து காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

துண்டு கட்டியது எதற்காக என்று எனக்குத் தெரியும். யாரும் தேடி வரக்கூடாது. சாக வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. பதினெட்டாவது முறை அந்தக் குளத்துக்குத் தனியாகப் போக முடியாது. அவ்வளவுதான் நினைத்தேன். மற்றதற்கெல்லாம் காரணம் சொல்ல, அவள் சொன்னதாக நான் சொன்ன வாக்கியம் இருந்தது.

பதினொரு மணிக்கு வடமேற்கில் மலைமுகட்டுக்குப் பின்னால் புகை எழுந்தது. முதலில் வெள்ளை. பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் கருத்துவிட்டது. பம்பைக் கிளப்பி மேற்குச் சுவரை நனைக்க ஆரம்பித்தேன். போன் அடித்தது. நரேல்.

"ரோரி, எங்கப்பா இருக்க?"

"வந்துட்டிருக்கேன்."

"எது வழியா? செவ்வாய் கிரகம் வழியாவா? எட்டே முக்காலுக்கே உன் கேட்ல துண்டு பாத்தேன்னு வண்டியிலேர்ந்து சொன்னாங்க. அங்கேர்ந்து இங்க இருபத்தஞ்சு நிமிஷம்."

"நடுவுல ஒரு வேலை வந்துடுச்சு."



"பின்னாடி என்ன சத்தம்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பம்ப் ஓடுது. டவுனுக்கு வர்றவன் பம்பைக் கிளப்பி மடியில வச்சுக்கிட்டா வர்றான்?"

பம்பை நிறுத்தினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"இப்ப நின்னுடுச்சு," என்றாள். "பேஷ்."

எல்லாவற்றையும் சொன்னேன். பித்தளை இணைப்பு, கம்பி வலை, நிரம்பிய தொட்டி, வெட்டிய புல். அவள் குறுக்கே பேசவில்லை. அவளுக்குப் பின்னால் குளம் கேட்டது. யாரோ தண்ணீரில் தொப்பென்று குதித்தார்கள், விசில் ஊதினார்கள். பிரையனி வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், உங்களுக்கே தெரியும் என்றேன்.

"தெரியும்," என்றாள். "சரி. இரு. உன் வீடு, உன் உசுரு. நான் யாரு கேக்க. ஆனா போய்த் துண்டை அவுத்துடு."

"என்ன?"

"கேட்டுக்கு நடந்து போ. துண்டை அவுத்துட்டு வந்து உன் இடத்துல உக்காரு. உள்ள ஆள் இருந்தா கேட்ல துண்டு கிடையாது. இந்த ரோட்டுல அதைவிட்டா வேற சட்டமே இல்லப்பா."

"அவுத்தா வண்டி உள்ள வரும்."

"வரும். அதுக்குத்தானே வண்டி. இன்னைக்கு வண்டியில யாரு யாருன்னு சொல்லட்டா?"

சொன்னாள். அட்டையிலிருந்து படிக்கிற அதே குரல். நான்கு பேரைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக, ஓட்டுகிற இடத்தில், "பெத்," என்றாள். பெத் அவள் மகள். இருபத்து மூன்று வயது. கோஸ்டாவின் பேக்கரியில் வேலை, தீ நாளில் வண்டி ஓட்டுவாள்.

"உன் பேருக்கு நேரா நான் ஒண்ணும் போடல," என்றாள் நரேல். "பேனா கையிலதான் இருக்கு." போனை வைத்துவிட்டாள்.

வீட்டிலிருந்து கேட்டுக்கு நானூறு மீட்டர். நடந்தேன். காற்று முதுகைத் தள்ளியது. மேலே சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி ஆகியிருந்தது. பட்டையும் இலையும் பறந்து வந்து விழுந்தன. எரிந்துகொண்டு அல்ல, கருகி. ஒன்றைப் பிடித்து விரலால் நசுக்கினேன். இன்னும் சூடாக இருந்தது.

துண்டின் முடிச்சைக் காற்று இறுக்கியிருந்தது. ஒரு முனையை அவிழ்க்கவே நேரமாயிற்று. கொண்டைக் கிளி பாதி அவிழ்ந்து என் கையில் படபடத்தது. இன்னொரு முனையில் கை வைத்தேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் எங்கள் வண்டித்தடம் முழுவதும் தெரியும். இரண்டு பக்கமும் மரங்கள். நடுவே ஒரு வண்டி போகும். வீட்டின் முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று திட்டம் எழுதும்போது நானே நாடா பிடித்து அளந்திருக்கிறேன். என் கார் திரும்பும். பெத்தின் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. முன்னும் பின்னுமாக நான்கு முறை எடுக்க வேண்டும். அதைத் திட்டத்தில் பிரையனியை எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த நான்கு முறையை நின்று எண்ணிப் பார்த்தேன்.

துண்டை அவிழ்த்தால் அவர்கள் வருவார்கள். விட்டுவைத்தால் அது பொய். இந்த இரண்டையும் விட்டால் மீதி ஒன்றுதான் இருந்தது. அவிழ்த்த முனையைத் திரும்பக் கட்டினேன். ஓடினேன்.

நாய் ஏற்கெனவே கார் கதவருகில் நின்றது. வீட்டுக்குள் போகவில்லை. பத்திரம், பாஸ்போர்ட் எதையும் எடுக்கவில்லை. சீட்டுக்கட்டையும் எடுக்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது கிலோமீட்டரில் எதிரே தீயணைப்பு வண்டி வந்தது. நான் ஓரத்தில் ஒதுங்கினேன். பெத் கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள். இந்தப் பக்கம் சாலையில் யாரைப் பார்த்தாலும் எல்லோரும் செய்வது. நானும் உயர்த்தினேன். இன்னும் நாலைந்து நிமிடத்தில் என் கேட்டைப் பார்ப்பார்கள். துண்டு இருக்கும். நிற்காமல் போவார்கள்.

குளத்து வாசலில் நரேல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பதை அங்கே நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்தாள். அட்டையில் டிக் போட்டாள். பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

"பம்ப் எங்க?" என்றாள். "மடியில காணோம்."

"விட்டுட்டு வந்துட்டேன்."

"நாயாவது கூட்டிட்டு வந்தியே. போ. போய் எதையாவது தின்னு, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. கூண்டுப் பறவைகள், தையல் மெஷின், சிப்ஸ் வாசனை. கோஸ்டா ஜாடியை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். யாரோ ஓர் ஆல்பத்தை என் கையில் வைத்தார்கள். புரட்டினேன். யாருடைய கல்யாணம் என்று நினைவில்லை. தண்ணீரில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் மல்லாந்து மிதக்கவில்லை. அந்தப் பதினேழு நாளும் அங்கே இதே சத்தம்தான் இருந்திருக்க வேண்டும். என் காதில் விழுந்ததில்லை.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. மற்ற நாட்களில் அதற்குக் கை தட்டுவோம். பக்கத்தில் தீ இருக்கிற நாளில் யாரும் தட்டமாட்டார்கள். வடக்குக் காற்றில் ஓடுகிற தீ ஒல்லியாக, நீளமாக ஓடும். காற்று திரும்பினால் அந்த நீளம் முழுவதும் முன்பக்கமாகிவிடும். எல்லோரும் எழுந்து மலைப்பக்கம் பார்த்து நின்றோம். எங்கள் சாலைக்காரர்கள் பத்தொன்பது பேர். 

ஐந்தரைக்குப் பெத் வந்தாள். முகத்தில் கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. குழாயில் வாய் வைத்து ரொம்ப நேரம் குடித்தாள். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். ஒருவருக்கு வீடு போயிருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நன்றி என்றார். என்னிடம் வந்தபோது, "உங்க வீடு நிக்குது, ரோரி," என்றாள். "கொட்டகை போச்சு. மேல் வேலி போச்சு. ஆட்டை எண்ண முடியல."

"உள்ளே வந்தீங்களா?"

"எதுக்கு? துண்டு இருந்துச்சே."

சரி என்றேன். வீடு நிற்கிறது என்பதற்கு மனதுக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அவள் கையிலிருந்த கொப்புளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் கிளம்ப ஆரம்பித்த பிறகு நரேல் வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டாள். நானும் பூட்ஸைக் கழற்றினேன். கம்பளிச் சட்டை இன்னும் மேலே இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அவ நெசமாவே அப்படிச் சொன்னாளா?"

"ஏன்?"

"ஏழு வருஷமா இங்க வந்தா. வீட்டைப் பத்தி ஒரு நாளும் கவலைப்பட்டு நான் பாக்கல. கோஸ்டா சீட்டை ஒளிச்சு வச்சுட்டாரான்னுதான் கவலைப்பட்டா."

இல்லை என்றேன். ஜூனிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

தீக்காலத்தில் கார்களைச் சாலையைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம், சாவியோடு. குளிர்காலத்தில் யாருக்கும் அந்த நினைப்பு இருக்காது. முந்தின நாள் சாயங்காலம் நான் அவளுடைய பிக்கப் வண்டிக்கு நேர் பின்னால் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காலையில் கண்ணாடியில் உறைபனி. அவளுக்கு எட்டு மணிக்கு ஒரு பூனைக்கு ஆபரேஷன். வெளியே போய் பிக்கப்பைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வாரத்துக்கு இரண்டு முறை சொல்வதுதான். நான் இரண்டாவது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் என்றேன். ரொட்டியைத் தின்று முடித்தேன். தட்டைக் கழுவினேன். சாவியைத் தேடினேன். வெளியே போனபோது, பெல்ட் போட்டுக்கொண்டு, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்து, முதலில் என் காரை எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் அவளிடம் போனேன்.

நரேல் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, பிரையனி சொன்ன அதே வார்த்தையைச் சொல் என்றாள். சொன்னேன்.

"ரோரி, காரை எடுடா. வழிய மறிச்சு நிறுத்தி வச்சிருக்க."